கொஞ்சம் பின்னாடி வாங்க, சார்

பொங்கலுக்கு முந்தைய இரவு சென்னையிலிருந்து தெற்கே கிளம்புகிறவர்களுக்குப் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி எல்லாம் ஊர்ப் பெயர்களாக நினைவில் இருப்பதில்லை. சுங்கச்சாவடிகளாகத்தான் இருக்கின்றன. வரிசை ஊர்கிறது. முன்னால் போன கார் நின்ற மாதிரியே தெரியவில்லை. தடுப்புக்கட்டை எழுந்து, கார் போயே போய்விட்டது. அடுத்த கார் வந்து நிற்கிறது. கட்டை அசையவில்லை.

சாவடிப் பணியாளர் கூண்டிலிருந்து கையை நீட்டுகிறார். "கொஞ்சம் பின்னாடி வாங்க, சார்." பின்னால் நிற்கும் பேருந்து ஹாரன் அடிக்கிறது. கார் இரண்டடி பின்னால் வருகிறது. 'பீப்' என்றொரு சத்தம், கட்டை எழுகிறது.

டேக் அதேதான், மெஷினும் அதேதான். கணக்கில் இருக்கும் பணமும் மாறவில்லை. இரண்டடியில் என்ன மாறியது?

"மெஷின் சரியில்லை" என்று சொல்லி அநேகர் கடந்துவிடுகிறார்கள். சிலர் கைவைத்தியம் பார்க்கிறார்கள். ஒருவர் கண்ணாடியைத் துணியால் துடைக்கிறார். இன்னொருவர் வைப்பரைப் போடுகிறார். வேறொருவர் டேக்கை உரித்துக் கையில் பிடித்து ஜன்னல் வழியாக ஆட்டிக் காட்டுகிறார். இவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகப் பலிக்கும். கடைசி வைத்தியம் மட்டும் நோயாளியையே கொன்றுவிடும்.

பேட்டரி இல்லாத சீட்டு

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக், ஆர்.எஃப்.ஐ.டி. என்ற பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை. வானொலி அலையால் அடையாளம் கேட்பது என்பதுதான் அந்த ஆங்கில எழுத்துகளின் சாரம். நூலகப் புத்தகத்தின் பின்னட்டையிலும், துணிக்கடைச் சட்டையின் விலைச் சீட்டிலும், அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டையிலும் இருப்பவை இதன் அண்ணன் தம்பிகள். இந்தியாவின் நெடுஞ்சாலைகளில் 2014இல் சோதனையாக வந்த ஃபாஸ்டேக், 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது.

மேல்தாளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே பொருள்கள். ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் படிந்த அலுமினியக் கோடு. சிக்குக் கோலம் போல நெளிந்து போகும் இதுதான் ஆன்டெனா. இன்னொன்று, கோட்டின் நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு சிப். பேட்டரி கிடையாது. அதில் பணமும் கிடையாது. சிப்புக்குத் தெரிந்தது முக்கியமாகத் தன் எண். மீதியெல்லாம் வங்கியின் கணினியில் இருக்கிறது.

பேட்டரி இல்லாத ஒன்று எப்படிப் பேசும்? பள்ளிக்கூடத்தில் உடைந்த கண்ணாடித் துண்டை வெயிலில் பிடித்து, வகுப்பறைச் சுவரில் வெளிச்சத்தைத் துள்ளவிட்ட பிள்ளைகளுக்கு இது தெரியும். துண்டில் விளக்கு இல்லை. வெளிச்சம் சூரியனுடையது, பிள்ளை செய்வது அதைத் திருப்புவதும் மறைப்பதும்தான். திருப்பி மறைத்தே சங்கேதமும் பேசலாம். சாவடியின் மேலே தொங்கும் ரீடர்தான் இங்கே சூரியன். அது ஓயாமல் வானொலி அலையைக் கீழே பாய்ச்சுகிறது. டேக்கின் ஆன்டெனா அதில் ஒரு துளியைப் பிடித்துச் சிப்பை எழுப்புகிறது. எழுந்த சிப், ஆன்டெனா திருப்பி அனுப்பும் அலையைக் கூட்டியும் குறைத்தும் தன் எண்ணைச் சொல்கிறது. இதைப் பின்சிதறல் என்பார்கள். கேட்பவனிடமே சக்தியைக் கடன் வாங்கிப் பதில் சொல்லும் வித்தை.

தூதர் வீட்டுச் சுவரில் ஏழு ஆண்டுகள்

இந்த வித்தையின் பிறப்பு கொஞ்சம் களவுத்தனமானது. 1945 ஆகஸ்டில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் அவெரல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். அழகாக இருந்ததால் அது தூதர் இல்லத்தின் சுவரில் ஏறியது. உள்ளே பேட்டரியும் கம்பியும் இல்லாத ஓர் ஒட்டுக்கேட்புக் கருவி இருந்தது 1952இல்தான் தெரியவந்தது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையின் பேச்சொலிக்கு அதிரும் ஒரு மெல்லிய தகடு திரும்பும் அலையை மாற்றிவிடும். அலை பாய்ச்சாத நேரத்தில் அது வெறும் மரச்சிற்பம்; சோதனை போட்டாலும் எதுவும் சிக்காது.

செய்தவர் லியோன் தெரமின். கை படாமல் காற்றில் விரலசைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவிக்குத் தன் பெயரையே கொடுத்தவர். கையின் நெருக்கம் ஒரு மின்சுற்றின் சுருதியை மாற்றும் என்பதை வைத்துத்தான் அந்த இசைக்கருவியே ஓடியது. சுங்கச்சாவடியில் டேக்கைக் கையில் பிடிக்கும் ஓட்டுநர், தெரியாமல் அதே வாத்தியத்தைத்தான் வாசிக்கிறார்.

ஒரு காரின் கணக்கு

ஒரு சிறிய கார் ரீடருக்குக் கீழே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரீடரின் ஆன்டெனாவிலிருந்து டேக்குக்கு நேர்க்கோட்டில் ஐந்து மீட்டர்.

இந்தியாவில் இந்த வேலைக்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005இல் உரிமம் தேவையில்லாததாக விடப்பட்டது. ரீடர் தன் சக்தியை ஒரு திசையில் குவித்து அனுப்புவதையும் கணக்கில் சேர்த்தால், உச்ச அளவு ஏறத்தாழ நான்கு வாட். பூஜையறையில் எரியும் 'ஜீரோ வாட்' எல்.இ.டி. விளக்கு அரை வாட் இழுக்கும். அதைப்போல எட்டு மடங்கு. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அது போகப்போக விரிந்துகொண்டே போகிறது. ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் கையளவு ஆன்டெனாவின் வலையில் சிக்குவது, எல்லாம் சரியாக இருந்தாலும், சுமார் இருநூறு மைக்ரோவாட். ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவாட்.

இதிலும் கழிவுகள் உண்டு. டேக் எப்படிச் சாய்ந்திருந்தாலும் படிக்கட்டும் என்று ரீடர் தன் அலையைத் திருகாணி போலச் சுழற்றி அனுப்புகிறது. நேர்க்கோட்டு ஆன்டெனா அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் நூறு. கண்ணாடி கொஞ்சம் திருப்பியடிக்கும். காரின் சாய்வு கொஞ்சம் தின்னும். ஐம்பது மிஞ்சியது என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

சிப் விழித்தெழ எவ்வளவு வேண்டும்? இன்றைய நல்ல சிப்புகளுக்குப் பத்து மைக்ரோவாட்டை ஒட்டிய அளவு போதும். அந்த ஜீரோ வாட் விளக்கின் மின்சாரத்தில் ஐம்பதாயிரம் சிப்புகளை எழுப்பலாம். தேவை பத்து, கிடைப்பது ஐம்பது. ஐந்து மடங்கு கையிருப்பு. முன்னால் போன கார் நிற்காமலே போனது இந்தக் கையிருப்பில்தான்.

இனி இந்த ஐம்பதை ஒவ்வொருவராக வந்து கடித்துப் பார்க்கட்டும். தூரம் பத்து மீட்டரானால் கால்பங்குதான் மிஞ்சும்: பன்னிரண்டரை. தொங்கலில் நிற்கிறது. டேக்கின் மேல் உள்ளங்கை படிந்து பத்தில் ஒன்பது போனால் மிச்சம் ஐந்து. சிப் தூங்குகிறது. நூறில் ஒரு பங்கை மட்டும் விடும் உலோகப்பூச்சுக் கண்ணாடி என்றால் மிச்சம் அரை மைக்ரோவாட். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல மெஷினை வைத்தும் பயனில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டேக் திருப்பி அனுப்பும் அலை இதைவிடப் பல மடங்கு மெலிந்தது. ஆனால் அதைக் கேட்கும் ரீடருக்கு மின்சாரத்துக்குக் குறைவில்லை, காது கூர்மை. பெரும்பாலான நேரம் சிக்கல் ரீடரின் காதில் இல்லை. டேக்குக்குச் சோறு போய்ச் சேர்கிறதா என்பதில்தான் இருக்கிறது. ஒட்டுமிடம் முக்கியமாவது அதனால்தான்.

தொப்பியில் அப்பிய ரவை

மிருதங்க வித்வான் கச்சேரிக்கு உட்காருமுன் இடப்பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார். அந்தக் கனம் ஏறியதும் தோலின் சுருதி கீழே இறங்கும். ரவையைச் சுரண்டி எடுத்தால் மேலே ஏறும். தோல் அதேதான், மேலே ஒட்டியிருப்பது மாறினால் நாதம் மாறுகிறது.

ஆன்டெனாவும் இப்படி ஒரு தோல்தான். 866 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பி அந்த அலைக்குச் சரியான சுருதியில் அதிரும். அந்த நீளத்தைத்தான் நெளித்து நெளித்துச் சிறிய சீட்டுக்குள் அடக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் கண்ணாடி வந்தால், ரவை அப்பியதுபோல, அதன் சுருதி இறங்கும். செய்கிறவர்களுக்கு இது முன்பே தெரியும். அதனால் முன்கண்ணாடி டேக்கைக் கொஞ்சம் மேல் சுருதியில் வெட்டி, கண்ணாடியில் ஒட்டியதும் சரியான இடத்துக்கு இறங்கும்படி அமைக்கிறார்கள்.

அதாவது, கடையில் வாங்கி வந்த டேக் பாதி செய்த பொருள். கண்ணாடியில் ஒட்டியபின்தான் அது முழுமையடைகிறது. கையில் தூக்கிக் காட்டும் டேக்கின் கீழ் கண்ணாடி இல்லை; கட்டைவிரலும் நாலு விரலும் இருக்கின்றன. ஒரு பக்கம் ரவை சுரண்டப்பட்டது, மறுபக்கம் களிமண் அப்பியது. இதைச் சுருதி விலகல் என்று அழைக்கலாம். டேஷ்போர்டின் பிளாஸ்டிக் மேல் கிடத்தினாலும், கண்ணாடியில் முழுக்க ஒட்டாமல் ஓரம் எழும்பி நின்றாலும், இந்த விலகல் கொஞ்சமாவது இருக்கும்.

உலோகம் அருகே வந்தால்

கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை ஆட்டினால், கட்டிய இடத்தில் கயிறு அசையாது. ஆட்டிய அலையும் சுவரில் பட்டுத் தலைகீழாகத் திரும்பும் அலையும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கொஞ்சம் தள்ளிப்போனால் இரண்டும் சேர்ந்து பெரிதாகத் துள்ளும். வானொலி அலைக்கு உலோகத் தகடு அந்தச் சுவர். தகட்டின் மேலேயே ஒட்டிய சாதாரண டேக்குக்கு அசைவே கிடைக்காது. அலைநீளத்தில் கால்பங்கு, ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர், தள்ளி வைத்தால் நிலைமை தலைகீழ். தகடே உதவிக்கு வரும்.

இரும்புப் பெட்டகங்களிலும் எரிவாயு உருளைகளிலும் ஒட்டும் டேக்குகள் தடிமனாக இருப்பதன் காரணம் இதுவே. அவற்றின் அடியில் நுரையோ பீங்கானோ வைத்து ஆன்டெனாவை உலோகத்திலிருந்து விலக்கியிருப்பார்கள். உலோகத்தையே ஆன்டெனாவின் ஒரு பாதியாக்கிக்கொள்ளும் கெட்டிக்கார வடிவங்களும் உண்டு. விலை கூட. காகித டேக்கை இரும்பில் ஒட்டிவிட்டு 'படிக்கவில்லை' என்று கிடங்குக்காரர்கள் தலையைச் சொறிவது இந்தத் தொழிலில் பழைய நகைச்சுவை.

காரில் உலோகம் எங்கே இருக்கிறது? கூரையின் விளிம்பிலும் கண்ணாடிச் சட்டத்திலும். அதனால்தான் ஃபாஸ்டேக்கை முன்கண்ணாடியின் உட்புறம், மேல்நடுவில், உள்ளிருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், ஆனால் சட்டத்தோடு இடிக்காமல் ஒட்டச் சொல்கிறார்கள். ஓட்டுநரின் பார்வையை மறைக்காது என்பது பாதிக் காரணம். மேலிருந்து வரும் அலைக்கு நேராக முகம் காட்டும் இடம் என்பது மறுபாதி. கீழ்மூலையில் ஒட்டினால் பானெட்டின் தகடு, வைப்பர் தண்டு, வண்டிப் பதிவுக் காகிதம், காந்தப் பிடி வைத்த செல்போன் தாங்கி, பித்தளைப் பிள்ளையார் என்று அக்கம்பக்கம் நெரிசல்.

எல்லாக் கண்ணாடியும் வெறும் கண்ணாடி அல்ல. வெயிலைத் திருப்பியடிக்க, சில உயர்விலைக் கார்களின் முன்கண்ணாடிக்குள் மெல்லிய உலோகப் படலம் இருக்கும். வெப்பத்தைத் தடுக்கும் அந்தப் படலம் வானொலி அலையையும் தடுக்கும். உற்பத்தியாளர்கள் இதை அறிந்தே, பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டிச் சிறு பகுதியைப் படலமில்லாமல் விடுகிறார்கள். கறுப்புப் புள்ளிகள் நிரம்பிய ஒரு சிறு கட்டமாக அது சில கார்களில் கண்ணுக்கே தெரியும். பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி ஒவ்வொரு சாவடியிலும் தலைகுனிந்து நிற்பதும், பின்னால் வந்த பழைய மாருதி விறுவிறுவென்று போவதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்கு இரண்டங்குலம் தள்ளி டேக்கை ஒட்டியதன் விளைவு.

தண்ணீர், நாய், நூலகம்

மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த அலைவரிசையைத் தண்ணீர் உறிஞ்சும். மழைத் தூறலோ கண்ணாடியில் வழியும் மெல்லிய நீர்ப்படலமோ ஐந்து மடங்குக் கையிருப்பைத் தின்றுவிடாது. ஆகவே வைப்பர் வைத்தியம் பெரும்பாலும் மனத்திருப்திக்கே. உள்ளங்கை அப்படியல்ல. அது சென்டிமீட்டர் கணக்கில் தடித்த உப்புத்தண்ணீர்.

அப்படியானால் நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் எப்படிப் பேசுகிறது? அது வேறு வழியில் போகிறது. 134 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், அலையாகப் பரவவிடாமல், இரண்டு கம்பிச் சுருள்களுக்கிடையே காந்தப்புலத்தால் சக்தி கடத்தும் முறை. தசையும் ரத்தமும் அந்தக் காந்தப்புலத்துக்குப் பொருட்டல்ல. விலையாகக் கொடுப்பது தூரம்: ரீடரை நாயின் தோள்மீது வைத்துத் தடவித் தேட வேண்டும். அரிசிமணி போன்ற கண்ணாடிக் குப்பியை இரு தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் செலுத்துகிறார்கள். வழுவழுப்பான குப்பி தோலுக்கடியில் மெல்ல நகர்ந்து வேறிடம் போய்விடுவதும் உண்டு. திசு பற்றிக்கொள்ளட்டும் என்று சில குப்பிகளின் ஒரு முனைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருப்பார்கள். ஆடுமாடுகளுக்குச் சில நாடுகளில் கனமான பீங்கான் உருண்டைக்குள் சிப்பை வைத்து விழுங்கவிடுகிறார்கள். கனத்தால் அது இரைப்பையிலேயே ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. திருடனாலும் கழற்ற முடியாத இடம்.

நூலகப் புத்தகங்களில் இருப்பது இரண்டுக்கும் நடுவான 13.56 மெகாஹெர்ட்ஸ். சதுரமாகச் சுருட்டிய கம்பி. எல்லாப் புத்தகங்களிலும் ஒரே இடத்தில் ஒட்டினால், அடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தி, பக்கத்துச் சுருள்கள் ஒன்றின் சுருதியை ஒன்று கெடுக்கும். அதனால் கவனமான நூலகர்கள் ஒரு புத்தகத்தில் மேலே, அடுத்ததில் நடுவே, அதற்கடுத்ததில் கீழே என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். பளபளக்கும் உலோகத்தாள் அட்டை போட்ட பரிசுப் பதிப்புகள் அவர்களுக்குத் தலைவலி.

இரண்டு டேக்குகளை அக்கம்பக்கமாக ஒட்டிய கார்களுக்கும் அதே தலைவலிதான். பழைய வங்கியின் டேக்கை விட்டுவிட்டுப் புதியதை அதன்மேல் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒன்றின் சுருதியை மற்றது கெடுக்கிறது. கெடுக்காவிட்டால் இரண்டுமே ஒரே நேரத்தில் 'நான்தான்' என்று கையைத் தூக்குகின்றன. ஒரு வண்டிக்கு ஒரே ஃபாஸ்டேக் என்ற விதி 2024இல் வந்ததற்குக் கணக்குவழக்குக் காரணங்கள் இருக்கலாம். இயற்பியலும் அதற்குக் கையெழுத்துப் போடும்.

அந்த இரண்டடி

இப்போது இரண்டடி பின்னால் வந்த காரைப் பார்க்கலாம். அங்கே இரண்டு விஷயங்கள் நடந்திருக்கக்கூடும்.

முதலாவது எளியது. ரீடரின் அலை மேலிருந்து டார்ச் வெளிச்சம் போலக் கூம்பாக விழுகிறது. பக்கத்து வரிசை வண்டியின் கணக்கில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதைக் குறுக்கி வைத்திருப்பார்கள். அவசரத்தில், கட்டை மூக்கில் இடிக்கும் அளவுக்கு வண்டியை முன்னால் கொண்டுபோனால், டேக் அந்தக் கூம்பைத் தாண்டிவிடும். பின்னால் வந்தால் மறுபடி வெளிச்சத்துக்குள் வரும்.

இரண்டாவது கொஞ்சம் வேடிக்கை. டேக்கை அடைவது ஒரே ஓர் அலையல்ல. நேராக வருவது ஒன்று. சாலையில் பட்டு, பானெட்டில் பட்டு, பக்கத்து வரிசை லாரியின் தகட்டில் பட்டு வருபவை பல. வெவ்வேறு நீளப் பாதைகளில் வந்ததால் சில இடங்களில் இவை கைகோத்துப் பெருகும். சில இடங்களில் கயிறு கட்டிய முனைபோல ஒன்றையொன்று அழிக்கும். அலைநீளமே 35 சென்டிமீட்டர் என்பதால், இருட்டுப் புள்ளிக்கும் வெளிச்சப் புள்ளிக்கும் இடையே அரையடிகூட இல்லாமல் போகலாம். வீட்டில் செல்போன் கரகரக்கும்போது ஜன்னல் பக்கம் ஓரடி நகர்ந்ததும் பேச்சு தெளிவாகுமே, அதேதான். கார் நின்றது அப்படியொரு இருட்டுப் புள்ளியில். பக்கத்து லாரி கிளம்பிப் போயிருந்தாலும் கட்டை எழுந்திருக்கக்கூடும். பாராட்டு மட்டும் வைப்பர் போட்டவருக்குப் போயிருக்கும்.

பணியாளர் இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. ஆயிரம் வண்டிகளைப் பார்த்த அனுபவம் அவரைப் 'பின்னாடி வாங்க' என்று சொல்ல வைக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் கைரீடரைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஐந்து மீட்டர் தூரம் ஒரு முழமாகச் சுருங்கிவிடும்போது சுருதி விலகிய டேக்குக்கும் வயிறு நிறைந்துவிடுகிறது. கைரீடருக்கு மட்டும் பேசி, மேல் ரீடருக்குப் பேசாத டேக் என்றால் சிப் நலமாக இருக்கிறது, இடம்தான் தவறு என்று பொருள்.

ஒட்டும் நாளும் பிறகும்

டேக்கின் ஆயுளில் பாதி, ஒட்டும் அந்த ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் ஊதுபத்திப் புகையும், டேஷ்போர்டு மெருகெண்ணெயின் ஆவியும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதன்மேல் ஒட்டினால் பசை பிடிப்பது அழுக்கைத்தான், கண்ணாடியை அல்ல. ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்த வேண்டும். குமிழி இருக்குமிடத்தில் கண்ணாடிக்குப் பதில் காற்று. அங்கே ரவை இல்லை.

ஒட்டுமுன் டேக்கை மடித்துச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. சிப்பும் ஆன்டெனாவும் இணையுமிடம் மின்கடத்தும் பசையால் ஆனது, முடியிழைக் கணக்கில் மெல்லியது. ஒரு மடிப்பு போதும். வெளியே கீறல்கூடத் தெரியாது. உள்ளே இணைப்பு விட்டிருக்கும். அப்படிப்பட்ட டேக் காலையில் வேலை செய்து மத்தியானம் வேலை செய்யாமலும் போகலாம். சூட்டில் பிளாஸ்டிக் விரிவதும் குளிரில் சுருங்குவதும் அந்த விரிசலைத் திறந்து மூடும்.

சூடு என்றால் சாதாரணச் சூடல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சித்திரை வெயிலில் வேலூர்ப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. ஒட்டாமல் டேஷ்போர்டில் போட்டுவைத்த டேக் தினமும் இந்த அடுப்பில் வாட்டப்படுகிறது. பசை கசிகிறது, தாள் சுருள்கிறது.

ஒருமுறை ஒட்டியதை உரிக்கக் கூடாது. 'உரித்தால் கெட்டுவிடும்' என்று வங்கிகள் சொல்வது பயமுறுத்தல் அல்ல. ஒரு வண்டியின் டேக்கைத் திருடி இன்னொன்றில் ஒட்ட முடியாதபடி, தாளில் நுண்ணிய வெட்டுகள் போட்டிருக்கிறார்கள். உரிக்கும்போது அலுமினியக் கோடு அந்த வெட்டுகளில் அறுந்துபோகும். செலோடேப் போட்டுத் திரும்ப ஒட்டியவர்கள், கம்பி அறுந்த வீணையை உறைக்குள் வைத்துப் பத்திரப்படுத்துகிறவர்கள். கல்லடித்து முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், பழைய டேக்கை அந்தக் கண்ணாடியோடு விட்டுவிட்டு, வழங்கிய வங்கியிடம் மாற்று டேக் கேட்பதே வழி.

இவ்வளவும் சரியாக இருந்தும் கட்டை எழாத நாள் வரும். அன்று பார்க்க வேண்டியது சாவடியின் திரையை. அதில் வண்டி எண்ணோடு 'இருப்பு இல்லை' என்றோ 'கறுப்புப் பட்டியல்' என்றோ வந்தால், டேக் தன் வேலையைச் செய்துவிட்டது. தகராறு வங்கிக் கணக்கில். திரை வெறுமையாக இருந்தால்தான் கண்ணாடி, உலோகம், கை, மடிப்பு என்று தேட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், பணம் தீர்ந்த டேக்கை உரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

கட்டை இல்லாத சாலையில்

கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டுகிறவர்களிடம் இரட்டைக் கட்டணம் வசூலிக்கத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில், அப்படிப்பட்ட தளர் டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. கெடுபிடிக்குப் பின்னே ஒரு திட்டம் இருக்கிறது. கட்டையே இல்லாமல், மேலே வளைவு மட்டும் நிற்க, வண்டிகள் வேகம் குறைக்காமல் கடந்துபோகும் சாவடிகள்.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. வளைவின் கீழே அலை விழும் பரப்பு ஆறு மீட்டர் என்றால், டேக்குக்குக் கிடைப்பது கால் நொடிக்குச் சற்று மேல். ஒரு முறை எண்ணைச் சொல்லச் சில ஆயிரத்திலொரு நொடிகள்தான் ஆகும் என்பதால், சரியாக ஒட்டிய டேக் அந்தக் கால் நொடியில் பல பத்து முறை பதில் சொல்லிவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் இருட்டுப் புள்ளிகளும் பின்னுக்குப் போய்விடுகின்றன. நின்று தவிப்பதைவிட ஓடுவது டேக்குக்கு நல்லதே. டேஷ்போர்டில் சுருண்டு கிடக்கும் டேக் ஒருமுறைகூட விழிக்காமல் போகலாம். அங்கே கூண்டு இருக்காது, கை நீட்டிப் பின்னால் வரச் சொல்ல ஆளும் இருக்க மாட்டார். கேமரா எண்பலகையைப் படமெடுத்துக்கொள்ளும். நோட்டீஸ் பிறகு வரும்.